கோத்தகிரி வீடு, காக்ஸ் டவுன் பையன்

கேள்வி: எனக்கு 41 வயது. பெங்களூரு எலெக்ட்ரானிக் சிட்டியில் வேலை, அங்கேயே வாடகை வீடு. நானும் மனைவியும் பரஸ்பர சம்மதத்தோடு பிரிகிறோம். முதல் மனு தாக்கல் ஆகிவிட்டது. 9 வயது மகன் அம்மாவோடு பெங்களூரிலேயே காக்ஸ் டவுனில் இருக்கிறான், பள்ளியும் அங்கேதான். ஒன்றுவிட்ட வாரம் சனி காலை 8 மணி முதல் ஞாயிறு மாலை 6 மணி வரை என்னோடு, கோடை விடுமுறையில் பாதி என்னோடு என்று மீடியேஷனில் பேசியிருக்கிறோம். நான் பிறந்து வளர்ந்தது கோத்தகிரி. அங்கே 70 லட்சத்துக்கு ஒரு சின்ன வீடு வந்திருக்கிறது. அவன் வரும் வார இறுதிகளை அங்கே கழிக்கலாம், வெள்ளி மாலையே அவனை அழைத்துக்கொண்டால் இரவே கிளம்பிவிடலாம் என்பது என் திட்டம். மனைவியோ, "அவ்வளவு தூரம் அனுப்ப மாட்டேன்" என்கிறார். அவர் தடுக்க முடியுமா? சொந்த வீடு இருந்தால் நீதிமன்றத்தில் எனக்குக் கூடுதல் பலமா? வீட்டை மகன் பெயரிலேயே பதியலாமா? நண்பர் ஒருவர் ஓசூரில் வாங்கச் சொல்கிறார். புரோக்கர் மாதக் கடைசிக்குள் 5 லட்சம் முன்பணம் கேட்கிறார்.

பதில்:

அன்புள்ள வாசகருக்கு,

முதலில் புரோக்கர் விஷயம். இந்த மாதம் அவருக்கு ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள். வீடு போனால் இன்னொரு வீடு வரும். பிரிவை உறுதிசெய்ய நீங்கள் இருவரும் போட வேண்டிய இரண்டாவது மனுவுக்கு முன்னால் நீங்கள் எடுக்கும் எந்தப் பெரிய முடிவும் உங்கள் மகனைப் பற்றிய ஒப்பந்தத்தில் போய் முட்டும். ஏன் என்று சொல்கிறேன்.

பெங்களூரு குடும்ப நீதிமன்றத்தில் 26 வருடமாக வழக்காடுகிறேன். பிரிந்த அப்பாக்கள், சில சமயம் அம்மாக்களும், குழந்தைக்காக ஊருக்கு வெளியே ஒரு வீடு வாங்க நினைப்பதை நிறையப் பார்த்திருக்கிறேன். அந்த ஆசையை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். குழந்தை வரும்போது அது ஒரு வாடகை ஃபிளாட்டாக இருக்கக் கூடாது, அவனுக்கென்று ஒரு மரம், ஒரு திண்ணை இருக்க வேண்டும் என்று நினைக்கிறீர்கள். நீங்கள் வளர்ந்த மலையை அவன் பார்க்க வேண்டும் என்று நினைக்கிறீர்கள். நியாயம்தான். ஆனால் தம்பி, தூரத்தை நீங்கள் உங்கள் வண்டியிலிருந்து அளக்கிறீர்கள். அதை அவன் படுக்கையிலிருந்து அளக்க வேண்டும்.

கணக்கைப் போட்டுப் பார்ப்போம். சனி காலை 8 மணி முதல் ஞாயிறு மாலை 6 மணி வரை மொத்தம் 34 மணி நேரம். பெங்களூரிலிருந்து மைசூரு, பந்திப்பூர் வழியாகக் கோத்தகிரி சுமார் 300 கிலோமீட்டர். சாப்பாடு, மலைப்பாதை, மைசூரு சாலை நெரிசல் எல்லாம் சேர்த்தால் குழந்தையோடு 8 மணி நேரத்துக்குக் குறையாது. சனி மாலை 4 மணிக்குப் போய்ச் சேருவீர்கள், ஞாயிறு காலை 10 மணிக்குக் கிளம்ப வேண்டும். காரில் 16 மணி நேரம், வீட்டில் 18 மணி நேரம். அந்த 18-ல் 9 வயதுப் பையன் 9 மணி நேரம் தூங்குவான். மிச்சம் 9 மணி நேரம். குளிப்பதும் சாப்பிடுவதும் அதற்குள்தான்.

வெள்ளி இரவே கிளம்பலாம் என்கிறீர்கள். கோத்தகிரிக்காரரான நீங்களே இதை மறந்துவிட்டீர்கள் என்று நினைக்கிறேன்: பந்திப்பூர் காட்டுப் பாதை 2009 முதல் இரவு 9 மணியிலிருந்து காலை 6 மணி வரை மூடியிருக்கும். வெள்ளி மாலை 6 மணிக்குக் காக்ஸ் டவுனில் பையனை ஏற்றிக்கொண்டு 9 மணிக்குள் பந்திப்பூர் வாசலைத் தொட யாராலும் முடியாது. சாம்ராஜ்நகர் வழியாக இறங்கலாம் என்றால் திம்பம் மலைப்பாதையிலும் 2022 முதல் இரவு 9 மணிக்குமேல் கார்களுக்குத் தடை. மிஞ்சுவது சேலம், அவிநாசி, மேட்டுப்பாளையம் வழி. அது 390 கிலோமீட்டர் வாக்கில் வரும். மேட்டுப்பாளையத்துக்குமேல் விடியாத நேரத்தில் யானை நடமாடும் சாலை, பின் இருக்கையில் தூங்கும் குழந்தை. இதை நீதிபதி முன்னால் வைத்து "அனுமதி கொடுங்கள்" என்று கேட்க எனக்கு வாய் வராது. அப்புறம், கர்நாடகப் பதிவு எண் வண்டி நீலகிரிக்குள் நுழைய 2024 மே முதல் இ-பாஸ் வேண்டும். 2025 சீசனில் வார இறுதி நாளுக்கு 8,000 வண்டிகள் என்று சென்னை உயர் நீதிமன்றம் வரம்பும் வைத்தது. கோடையில் உங்கள் முறை வரும் வாரம் பாஸ் கிடைக்கவில்லை என்றால், சொந்த வீட்டுக்கே போக முடியாமல் நிற்பீர்கள்.

இதே போன்ற ஒரு வழக்கை நான் நடத்தினேன். அப்பா ஏற்காட்டில் வீடு வாங்கினார். பையனுக்கு அப்போது 8 வயது. முதல் மூன்று நான்கு முறை குதூகலமாகப் போனான். அப்புறம் வெள்ளிக்கிழமை ஆனால் வயிற்று வலி என்று சொல்ல ஆரம்பித்தான். அம்மாதான் சொல்லிக் கொடுக்கிறார் என்று அப்பா மனுப் போட்டார். நீதிபதி பையனைத் தன் அறைக்குள் கூப்பிட்டுத் தனியாகப் பேசினார். கொண்டை ஊசி வளைவுகளில் ஒவ்வொரு முறையும் வாந்தி எடுத்ததும், சனிக்கிழமை கிரிக்கெட் பயிற்சியில் தன் இடம் வேறொருவனுக்குப் போனதும்தான் அவன் சொன்னவை. அப்பா மேல் அவனுக்கு எந்தக் கோபமும் இல்லை. அந்த அப்பா என் கட்சிக்காரர். அன்று வராந்தாவில் அவர் உட்கார்ந்திருந்த விதம் இன்னும் என் கண்ணில் நிற்கிறது. 12 வயதுக்குப் பிறகு பையன்களுக்கு வார இறுதி என்பது நண்பர்கள், டியூஷன், மைதானம். ஊருக்கு வெளியே இருக்கும் அப்பா வீடு எவ்வளவு அழகாக இருந்தாலும் அதோடு போட்டி போட முடியாது.

இப்போது உங்கள் சட்டக் கேள்விகளுக்கு வருகிறேன்.

நீங்கள் வீடு வாங்குவதை மனைவி தடுக்க முடியாது, அது உங்கள் பணம். மகனை அங்கே அழைத்துப் போவதை அவர் எதிர்க்கலாம். உங்களுடையது பரஸ்பர சம்மத மனு என்பதை மறக்காதீர்கள். இந்து திருமணச் சட்டம் 13-பி பிரிவின்படி சம்மதம் தீர்ப்பு வரும்வரை நீடிக்க வேண்டும். இடையில் யார் வேண்டுமானாலும் பின்வாங்கலாம். கோத்தகிரிக்காக இப்போது மல்லுக்கு நின்றால், கஷ்டப்பட்டுப் பேசி முடித்த மற்ற எல்லாமே கலைந்துபோகும். வார இறுதிச் சந்திப்புக்கான உத்தரவுகளில் "நீதிமன்ற எல்லையைத் தாண்டி அழைத்துப் போகக் கூடாது" என்ற நிபந்தனை வருவது சகஜம். கோத்தகிரி, ஓசூர் இரண்டுமே தமிழ்நாடு. பெங்களூருக்காரர்களுக்கு மாநில எல்லையில் இருக்கும் அத்திப்பள்ளியைத் தாண்டுவது பக்கத்துத் தெருவுக்குப் போவது மாதிரி. உத்தரவில் எழுதப்படாவிட்டால் அதுவே மீறல் ஆகிவிடும்.

சொந்த வீடு பலமா என்றால், பெரிதாக இல்லை. இந்து இளவர் (மைனர்) மற்றும் காப்பாளர் சட்டம் 1956, 13-ஆம் பிரிவு குழந்தையின் நலன்தான் முதன்மை என்கிறது. யாருக்கு எத்தனை வீடு என்று அது கேட்கவில்லை. பள்ளிக்கு யார் கொண்டுபோய் விடுகிறார்கள், காய்ச்சல் வந்தால் யார் இருக்கிறார்கள், அவன் பழகிய தெரு எது என்றுதான் நீதிபதிகள் கேட்பதை நான் பார்த்திருக்கிறேன். குழந்தை சுயமாக விருப்பம் சொல்லும் வயதில் இருந்தால் அதையும் கணக்கில் எடுக்கலாம் என்று 1890-ஆம் வருடத்துக் காப்பாளர் சட்டமே சொல்கிறது. அதே சட்டத்தின் 9-ஆம் பிரிவின்படி, குழந்தை வழக்கமாக வசிக்கும் இடம் எதுவோ அங்கே உள்ள நீதிமன்றத்துக்குத்தான் அதிகாரம். அதாவது கோத்தகிரியில் வீடு வாங்கி, விடுமுறைக்கு வந்தவனை அங்கேயே ஒரு பள்ளியில் சேர்த்துவிடலாம் என்ற எண்ணம் யாராவது உங்கள் மனதில் விதைத்தால், தயவுசெய்து அன்றே பிடுங்கி எறியுங்கள். உங்கள் கடிதத்தில் அப்படி ஒன்றும் இல்லை. ஆனாலும் சொல்கிறேன், ஏனென்றால் நல்ல மனிதர்கள்கூட ஒரு கோபத்தில் இதைச் செய்து, பிறகு வாரம் ஒரு மணி நேரம் நீதிமன்ற வளாகத்தில் உட்கார்ந்து குழந்தையைப் பார்க்கும் நிலைக்கு வந்திருக்கிறார்கள்.

மகன் பெயரில் பதிய வேண்டாம். மைனர் பெயரில் உள்ள அசையாச் சொத்தை விற்கவோ அடமானம் வைக்கவோ 1956 சட்டத்தின் 8-ஆம் பிரிவுப்படி நீதிமன்ற அனுமதி வாங்க வேண்டும். அவனுக்கு 18 ஆகும்வரை இன்னும் 9 வருடம். அதற்குள் அவனுடைய படிப்புக்கே பணம் தேவைப்பட்டாலும் அந்த வீட்டை எளிதில் தொட முடியாது. உங்கள் பெயரில் வாங்கி உயில் எழுதலாம்.

சரி, உங்கள் கடிதத்தில் என்னைத் தொந்தரவு செய்த விஷயத்துக்கு வருகிறேன். கோத்தகிரியைப் பற்றி அவ்வளவு எழுதிய நீங்கள், எலெக்ட்ரானிக் சிட்டிக்கும் காக்ஸ் டவுனுக்கும் நடுவே இருக்கும் தூரத்தைப் பற்றி ஒரு வார்த்தை எழுதவில்லை. உங்கள் மகனின் வாழ்க்கையைத் தீர்மானிக்கப் போகிற தூரம் அதுதான். சில்க் போர்டைத் தாண்டி, ஊரின் ஒரு முனையிலிருந்து மறுமுனை. மஞ்சள் தட மெட்ரோ 2025 ஆகஸ்டில் திறந்துவிட்டது, உண்மைதான். ஆனாலும் ஆர்.வி. ரோட்டில் ஒரு முறை, மெஜஸ்டிக்கில் ஒரு முறை மாறி, இறங்கிய பிறகு ஆட்டோ பிடிக்க வேண்டும். புதன்கிழமை பள்ளி ஆண்டு விழா ஒத்திகை என்றால் உங்களால் வர முடியாது. இரவு 11 மணிக்கு 103 டிகிரி காய்ச்சல் என்று போன் வந்தால் நீங்கள் வந்து சேர்வதற்குள் அவர்கள் மருத்துவமனையிலிருந்து திரும்பியிருப்பார்கள்.

என் அப்பா கோலார் தங்கவயல் (கே.ஜி.எஃப்.) சுரங்கத்தில் வேலை பார்த்தார். நான் படிப்புக்காகப் பெங்களூரில் அத்தை வீட்டில், அல்சூரில் இருந்தேன். சனிக்கிழமை ஷிப்ட் முடித்து மாரிக்குப்பத்தில் ரயில் ஏறி இரவு வருவார், ஞாயிறு மாலை திரும்பிப் போவார். எங்களை எங்கேயும் அழைத்துப் போனதில்லை, அதற்குப் பணமும் இல்லை. அத்தை வீட்டு வாசற்படியில் உட்கார்ந்துகொண்டு நான் கணக்குப் போடுவதைப் பார்த்துக்கொண்டிருப்பார். ஒரு முறை புதன்கிழமை நான் பள்ளியில் விழுந்து கையை முறித்துக்கொண்டேன். அவருக்கு வியாழன்தான் தெரிந்தது. வந்தவர் என் கையில் இருந்த மாவுக்கட்டைப் பார்த்துக்கொண்டே அழுதார். சுரங்கம் கோலாரில் இருந்ததால் அவருக்கு வேறு வழி இல்லை. உங்களுக்கு இருக்கிறது.

காக்ஸ் டவுன், ஃபிரேசர் டவுன், அல்சூர் பக்கம் இரண்டு படுக்கையறை வாடகை வீடு ஒன்று பாருங்கள். வேலைக்குப் போக உங்களுக்குத்தான் தூரம் கூடும். அதை நீங்கள் சுமக்கலாம், ஒரு 9 வயதுப் பையன் சுமக்க வேண்டாம். பள்ளியிலிருந்து நடந்து வரும் தூரத்தில் அப்பா வீடு இருந்தால் ஒப்பந்தத்தின் கணக்கே மாறும். ஒன்றுவிட்ட வாரம் 34 மணி நேரம் என்று பேசிக்கொண்டிருக்கும் நீங்கள், வாரத்தில் ஒரு நாள் பள்ளி விட்டதிலிருந்து இரவுச் சாப்பாடு வரை என்று கேட்கலாம். ஹோம்வொர்க், மறந்துபோன டிபன் டப்பா, பல் விழுந்த நாள் எல்லாம் உங்களுக்கும் கிடைக்கும். உங்கள் மனைவி இதற்கு மறுப்பது கடினம்; அவருக்கும் ஒரு மாலை ஓய்வு கிடைக்கும்.

கர்நாடக உயர் நீதிமன்றம் 2013-ல் ஒரு வழக்கில் வருடத்தின் முதல் ஆறு மாதம் அப்பாவிடம், அடுத்த ஆறு மாதம் அம்மாவிடம் என்று 12 வயதுப் பையனைக் கூட்டுப் பொறுப்பில் விட்டது. கூட்டுப் பொறுப்பைச் சட்டத்திலேயே சேர்க்க வேண்டும் என்று இந்தியச் சட்ட ஆணையம் 2015-ல் தன் 257-வது அறிக்கையில் பரிந்துரைத்தது. இப்படியொரு ஏற்பாடு நடைமுறையில் ஓட வேண்டுமானால் இரண்டு வீட்டிலிருந்தும் ஒரே பள்ளிக்குப் போக முடிய வேண்டும். இன்றைக்கு இல்லாவிட்டாலும், உங்கள் மகனுக்கு 12 வயது ஆகும்போது நீங்கள் இதைக் கேட்க விரும்பலாம். அப்போது கையில் கோத்தகிரி பத்திரம் இருப்பதைவிட, மூன்று வருடமாகப் பள்ளிக்குப் பக்கத்துத் தெருவில் குடியிருப்பது உதவும்.

ஓசூரைப் பற்றி உங்கள் நண்பர் சொன்னதும் இதே தவறுதான். எலெக்ட்ரானிக் சிட்டியிலிருந்து ஓசூர் பக்கம். காக்ஸ் டவுனிலிருந்து 40 கிலோமீட்டருக்கு மேல். ஞாயிறு மாலை ஊர் திரும்பும் வண்டிகள் எல்லாம் அத்திப்பள்ளி டோலில் நிற்கும் நேரத்தில்தான் நீங்கள் 6 மணிக்குள் பையனைக் கொண்டுபோய் விட வேண்டும். இரண்டு முறை 7:30 ஆனால் வக்கீல் நோட்டீஸ் வரும். முதலீட்டுக்காக ஓசூரில் வாங்குவது தனி விஷயம், அதில் மகனை இழுக்காதீர்கள்.

பணக் கணக்கையும் பார்த்துவிடுங்கள். 70 லட்சம் வீட்டுக்கு வங்கி 80 சதவீதம் வரைதான் கடன் கொடுக்கும், 56 லட்சம். உங்கள் கையிலிருந்து 14 லட்சம். தமிழ்நாட்டில் முத்திரைத் தீர்வை 7 சதவீதமும் பதிவுக் கட்டணம் 2 சதவீதமும் சேர்ந்து இன்னொரு 6.3 லட்சம். 8.5 சதவீத வட்டியில் 20 வருடத்துக்கு மாதத் தவணை சுமார் 48,600 ரூபாய். புதிய வருமான வரி முறையில் இருந்தால், நீங்களே பயன்படுத்தும் வீட்டின் கடன் வட்டிக்குக் கழிவும் கிடையாது. இதைவிட முக்கியம், நாளைக்கு ஜீவனாம்சம் பற்றிப் பேச்சு வந்தால் 2020-ல் உச்ச நீதிமன்றம் வகுத்தபடி சொத்து, கடன் விவரங்களைப் பிரமாணப் பத்திரத்தில் தர வேண்டும். வழக்கு நடக்கும்போது ஆசைப்பட்டு வாங்கிய இரண்டாவது வீட்டின் தவணையைக் காட்டி, "என்னால் இவ்வளவுதான் தர முடியும்" என்றால் நீதிபதிகள் எளிதில் ஏற்பதில்லை.

தூரம் நிலையாக இருப்பதும் இல்லை. உங்கள் மனைவிக்கு நாளை கோவையில் வேலை கிடைக்கலாம். அப்போது கோத்தகிரி 70 கிலோமீட்டர்தான், பெங்களூருதான் தொலைவாகிவிடும். பெங்களூரு குடும்ப நீதிமன்றத்தில் தொடங்கிய ஒரு வழக்கில், வேலைக்காகச் சிங்கப்பூர் போன தாய் குழந்தையை அங்கே அழைத்துச் செல்ல 2020-ல் உச்ச நீதிமன்றம் அனுமதித்தது. பெற்றோர் வேறு வேறு ஊர்களில் இருக்கும்போது நேரில் பார்க்கும் உரிமையோடு, போனிலும் வீடியோவிலும் பேசும் உரிமையும் முக்கியம் என்று அதே வருடம் இன்னொரு தீர்ப்பிலும் சொன்னது. யார் எங்கே போவார்கள் என்பது தெரிவதற்குள் 20 வருடக் கடனில் ஒரு மலை வீட்டை வாங்கி மாட்டிக்கொள்வது சரியில்லை.

அப்படியானால் கோத்தகிரியே வேண்டாமா? வேண்டும். கோடை விடுமுறையில் பாதி உங்களுடையது. மூன்று வாரம் தொடர்ந்து இருக்கும்போது ஒரு நாள் பயணம் ஒன்றுமே இல்லை. அந்த மூன்று வாரத்துக்கு அங்கே ஒரு வீட்டை வாடகைக்கு எடுங்கள். நீங்கள் ஓடி விளையாடிய இடங்களைக் காட்டுங்கள், தேயிலைத் தோட்ட மூடுபனியில் அவனைக் காலையில் எழுப்பி நடக்க வையுங்கள். இரண்டு கோடை இப்படிப் போன பிறகு அவனே "எப்போ போறோம்ப்பா" என்று கேட்டால் அப்போது வாங்குவதைப் பற்றி யோசிக்கலாம். அந்த நேரத்தில் 30 வருட வில்லங்கச் சான்று, பட்டா, கட்டட அனுமதி மூன்றையும் பாருங்கள். மலைப் பகுதி என்பதால் ஹாகா (மலைப் பகுதிப் பாதுகாப்பு ஆணையம்) அனுமதி வேண்டிய இடமா என்றும், தேயிலை நிலத்தைத் துண்டுபோட்ட மனையா என்றும் உள்ளூர் வக்கீல் ஒருவரிடம் கேளுங்கள். இப்போது வந்திருக்கும் வீட்டுக்கும் இந்தக் கேள்விகள் பொருந்தும். இத்தனை அவசரப்படுத்தும் புரோக்கர் இவற்றில் எதைக் கையில் கொடுத்தார் என்று நீங்கள் எழுதவில்லை.

கடைசியாக, ஒப்பந்த வரைவில் சேர்க்கச் சொல்ல வேண்டியவை. கோடையில் உங்கள் பங்கு நாட்களில், போகும் முகவரியையும் போன் எண்ணையும் ஒரு வாரம் முன்னதாக எழுத்தில் தந்தால், மகனைத் தமிழ்நாட்டுக்கு அழைத்துப் போகலாம் என்று ஒரு வரி. தினமும் இரவு 7 மணிக்கு அம்மாவோடு பேச வைப்பேன் என்று நீங்கள் கொடுக்கும் உறுதி ஒன்று. வாடகைக்கு எடுக்கும் வீட்டில் சிக்னல் கிடைக்கிறதா என்று போன் போட்டுக் கேட்டுவிட்டே முன்பதிவு செய்யுங்கள், சரிவுகளுக்குக் கீழே உள்ள வீடுகளில் பல சமயம் கிடைக்காது. வாரத்தில் ஒரு மாலை, பள்ளி விடும் நேரத்திலிருந்து இரவு 8 மணி வரை. இருவரில் யார் பெங்களூரை விட்டுப் போக நினைத்தாலும் 90 நாள் முன்னதாக மற்றவருக்கு எழுத்தில் சொல்ல வேண்டும், மறுபடி மீடியேஷனில் உட்கார வேண்டும். நான்கையும் உங்கள் வழக்கறிஞரிடம் கொடுத்து இரண்டாவது மனுவுக்கு முன் எழுத வையுங்கள். அடுத்த மீடியேஷன் அமர்வில் கோத்தகிரி வீட்டைப் பற்றிப் பேசுவதற்கு முன், காக்ஸ் டவுன் பக்கம் வீடு பார்க்கிறேன் என்பதை உங்கள் மனைவியிடம் நீங்களே சொல்லுங்கள்.